மூன்று மணி ஃபோன்

“மூணரைக்கு இறங்கினா காத்து எப்படி சார் இருக்கும்?”

ஃபோனில் வழக்கமான குரல். விமானிகளுக்குக் காற்றும் மேகமும் பார்த்துச் சொல்லும் அந்தத் தகவல் அறையில் அதிகாரி தனியாள். இப்போதெல்லாம் விமானிகள் கையிலிருக்கும் திரையிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே வந்தால் ஒரு கையெழுத்து, ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். வாய் திறந்து கேட்பவர் இந்த ஒருவர்தான்.

ஏழு மாதமாக மதியம் மூன்று மணிக்குக் கூப்பிடுகிறார். இறங்குவதைப் பற்றித்தான் கேட்பார். கிளம்புவதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஓடுபாதையின் மறுகோடியில் வந்துபோகும் சொந்த விமானக்காரர்களில் ஒருவர் என்று அதிகாரி நினைத்திருந்தார். இரண்டேமுக்காலுக்கே ஃபோனைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்வார்.

“இன்னைக்கு வேண்டாம் கேப்டன். மேக்கால இடிமேகம் திரண்டு வருது. மூணரைக்கு நேரா ஓடுபாதை மேல நிக்கும். தயவுசெஞ்சு கிளம்பாதீங்க.”

“கிளம்பியாச்சே சார்.”

“என்கூட ஃபோன்ல பேசிட்டிருக்கீங்க. எப்படிக் கிளம்பியாச்சு?”

“நான் இல்ல சார், என் பொண்ணு. மலை ஊருக்கு மருந்து கொண்டுபோயிட்டுத் திரும்பிட்டிருக்கா. எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும்.”

அதிகாரிக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள்.

“அவகிட்டயே கேட்டிருக்கலாமே?”

“பிளேன் ஓட்டத்தான் போவேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதேன்னு சொன்னவன் நான். ரெண்டு வருஷமா அவ என்கிட்ட பேசுறதில்ல.”

“லைன்லயே இருங்க.”

ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு ரேடியோவை இழுத்தார். இடிமேகம் நிற்கும் இடத்தை அவளுக்குச் சொல்லி, தெற்கே வானம் தெளிவாக இருக்கும் ஆற்றுப் பக்கமாக விலகிச் சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னார்.

“எரிபொருள் எவ்வளவு இருக்கும்மா?”

“ஒன்றரை மணி நேரத்துக்கு இருக்கு சார்.” குரலில் பதற்றமில்லை.

மழை ஓடுபாதையை அடித்துத் துவைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த ஃபோனில் மூச்சுச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. மேகம் கிழக்கே நகர்ந்து, நாலேகாலுக்குச் சக்கரங்கள் ஈரத் தரையைத் தொட்டன.

“இறங்கிட்டா.”

“சரி சார்.” மறுமுனையில் அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் அவள் நனைந்த தலையோடு வந்து, பதிவேட்டில் நேரத்தைக் குறித்தாள். சொல்வதா வேண்டாமா என்று அதிகாரி தயங்கினார். இவள் கோபப்பட்டால் நாளையிலிருந்து அந்த மூன்று மணி ஃபோனும் நின்றுபோகும்.

“தப்பா எடுத்துக்காதம்மா. நீ இறங்குற நேரத்துக்குக் காத்து எப்படி இருக்கும்னு உங்கப்பா தினமும் இங்க கூப்பிட்டுக் கேட்கிறார்.”

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் சார். இந்த நம்பரை அவருக்கு அனுப்பினதே நான்தான்.”