விரலுக்குப் பழகும் கீபோர்டு

விசைகளுக்கு அடியில், விரலுக்கு ஏற்பப் பழகிக்கொள்ளும் சுவிட்சுகள் வைத்த கீபோர்டுகள் கடைக்கு வந்தபோது, மரியசெல்வம் தன் மனைவி எஸ்தருக்கு ஒன்று வாங்கித் தந்தான். அவளுக்கு நரம்பு நோய். விரல்கள் தளரத் தளர விசைகளும் அவளுக்காக இளகிக்கொடுத்தன. பேச்சும் நின்றுபோன பிறகு, அவனோடு அவள் பேசியதெல்லாம் அதில்தான். கடைசியில் விரல் பட்டாலே எழுத்து விழுந்தது.

அவள் இறந்ததும், துக்கம் விசாரித்து வந்த மின்னஞ்சல்களுக்கு அவன் அதில் பதில் எழுதினான். விசைகள் அத்தனை மிருதுவாக இருந்தன. அவள் கையைப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. எழுத எழுத அவை இறுகிவிட்டன.

பதறிப்போய் கீபோர்டை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினான்.

"கேமுக்கா சார், டைப்பிங்குக்கா? புது சுவிட்ச் போட்டுடலாமா?" என்றார் கடைக்காரர்.

"புதுசு வேணாங்க. பழையபடி இளக்கமா வேணும். எங்க வீட்டம்மா கைக்கு இருந்த மாதிரி."

"கடைசியா அடிச்ச கையத்தான் சார் இது ஞாபகம் வச்சுக்கும். அவங்களையே நாலு நாள் அடிக்கச் சொல்லுங்க, தானா இளகிடும்."

மரியசெல்வம் கீபோர்டைத் திரும்ப வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"சரிங்க, சொல்றேன்," என்றான்.