ஏழாவது மிளகாய்ச் செடி

ஏழாவது மிளகாய்ச் செடியையும் மங்களம் வேரோடு பிடுங்கி வாளியில் வைத்தாள்.

வேறு வழியில்லை. பயிர் நோய்க்கு மருந்து சொல்லும் கைப்பேசிச் செயலிக்கு, எடுத்து வைத்த படம் ஆகாது. செடியை நேரலையில் காட்ட வேண்டுமாம். தோட்டத்திலோ லைன் கிடையாது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து அந்தப் பழைய ரப்பர் எஸ்டேட்டில், முனியாண்டி கோயில் வாசலில் மட்டும்தான் இரண்டு கோடு விழும்.

அதனால் செடி மோட்டார் சைக்கிள் ஏறிக் கோயிலுக்குப் போனது.

ஓட்டியது அவள் கணவன் தர்மா. வந்து சேர்ந்ததும் வழக்கம்போலக் கேமராவுக்குள் விழாமல் தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

இதுவரை ஆறு முறையும் செயலி ஒரே பதிலைத்தான் சொன்னது: "வேர் அசைந்துள்ளது. தயவுசெய்து செடியைப் பிடுங்காதீர்கள்."

அதற்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். இன்று கடைசி நாள். செயலி 'ஆரோக்கியம்' என்று பச்சை காட்டினால்தான் நிலத்தை இன்னொரு வருஷத்துக்குக் குத்தகைக்குத் தருவார்கள்.

ஏழாவது செடியும் வெயிலில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. மங்களத்துக்கு அழுகை முட்டியது.

அப்போதுதான் பார்த்தாள். தூக்கி எறிய மனமில்லாமல் போன மாதம் சாமி காலடியில் ஊன்றிவிட்டுப் போன முதல் செடி, பூவும் பிஞ்சுமாக நின்றது.

கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பினாள்.

'மிக ஆரோக்கியம்.' பச்சை விழுந்தது. கைப்பேசியையே கும்பிட்டுவிட்டாள்.

கீழே இன்னொரு வரி வந்தது: 'பின்னால் அரிவாளுடன் நிற்கும் தொழிலாளியின் ஐசி (அடையாள அட்டை) எண்ணைப் பதியவும். எண் இல்லாவிட்டால் நிலம் புதுப்பிக்கப்படாது.'

மங்களம் செடிக்குப் பின்னால் அரிவாளோடு நின்ற முனியாண்டி சிலையைப் பார்த்தாள். பிறகு தர்மாவைப் பார்த்தாள்.

இதே எஸ்டேட்டின் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்போது பிறப்பை யாரும் பதியவில்லை. ஐம்பது வயதாகிறது, ஐந்து முறை மனுப் போட்டாகிவிட்டது, இன்னும் ஐசி வரவில்லை. நிலக் குத்தகை அவள் பெயரில் இருப்பதும், அவன் கேமராவைக் கண்டால் ஒதுங்குவதும் அதனால்தான்.

தர்மா வந்து திரையை எட்டிப் பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

நேராகப் போய், முதல் முறையாகக் கேமராவுக்குள், சாமி பக்கத்தில் நின்றான்.

"எங்க ரெண்டு பேருக்குமே இன்னும் வரலன்னு போடு லா."