இருபதும் வந்துவிட்டன

“மீன்குஞ்சுக்குள்ள வைச்ச இருபது கருவியும் அணைக்குக் கீழ மூண்டு கிலோமீற்றரில சிக்னல் தருது, டெல்சி. ஒண்டும் குறையேல்லை. கையெழுத்தை வையுங்கோ” என்றார் மின்நிலைய மேலாளர் பீலிக்ஸ்.

மீன்கள் டர்பைனைப் பத்திரமாகத் தாண்டுகின்றன என்ற அறிக்கையில் ஆய்வாளர் டெல்சி கையெழுத்திட்டால், டர்பைன் வாயில் கம்பித்தடுப்பு போட வேண்டியதில்லை. அடுத்த வாரம் ரைன் நதி வழியே கடலுக்குப் புறப்படும் சால்மன் குஞ்சுகள் அத்தனையும் சுழலும் டர்பைனுக்குள்தான் போகும்.

“ஏலாது அண்ணை.”

“கருவி வைச்சது நீங்கள். அணைக்கு மேல கொண்டுபோய் விட்டதும் நீங்கள். இப்ப என்ன பிடிவாதம்? உங்கட புரொபசரிட்டச் சொன்னால் நாளைக்கே வேலை போயிடும், பிள்ளை!”

“போகட்டும். நான் வைக்கமாட்டன்.”

“அப்ப நானே வைக்கிறன்!”

‘இருபது குஞ்சுகளும் டர்பைனைத் தாண்டி உயிரோடு நீந்தி வந்தன’ என்று எழுதிக் கையெழுத்திட்டார் பீலிக்ஸ். “உயிரில்லாமலோ மூண்டு கிலோமீற்றர் வந்தது?”

டெல்சி அந்தத் தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டாள்.

“அதைத்தான் அளந்தனான், அண்ணை. நேற்று நான் ஆற்றில விட்ட இருபதும் செத்த மீன்.”