முன்பக்கமாகத் துடைத்தவன்

என் துப்பாக்கியைக் கெடுத்தது மைத்துனன் ரைமோதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான், அது எப்படிக் கெட்டது என்று பார்க்கப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். என் வேலையெல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கும்.

எங்கள் பின்லாந்துக் கிராமத்தின் மூஸ் மான் வேட்டைக் குழுவுக்கு இருபது வருஷமாக நான்தான் தலைவர். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுடும் தேர்வு உண்டு. எழுபத்தைந்து மீட்டர் தள்ளி, ஒரு தட்டு அளவு வட்டத்துக்குள் நாலு குண்டு விழ வேண்டும். இந்தக் கோடையில் எனக்கு ஒன்றுதான் விழுந்தது. மறுபடி சுட்டேன். அந்த ஒன்றும் போயிற்று.

தேறாதவன் துப்பாக்கியோடு காட்டுக்குள் போக முடியாது. வேட்டைக் குடிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு சூப் கிண்டலாம். தலைவர் சூப் கிண்டுவதா?

போன அக்டோபரில், வேட்டை நேரத்தில், நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது, என் துப்பாக்கி இரண்டு வாரம் ரைமோவிடம் இரவலாக இருந்தது. எனக்கு அது போதாதா?

குடிசையில் எல்லோரும் காபி குடிக்கும்போது ஆரம்பித்தேன்.

"எங்கேயோ கீழ போட்டிருக்கே. இல்லேன்னா கண்ட குண்டைப் போட்டுச் சுட்டிருக்கே. ஒத்துக்கோ."

ரைமோ காபியைப் பார்த்தபடி, "இருக்கலாம் அத்தான்" என்றான்.

"இருக்கலாமா? இரவல் பொருளை மதிக்கத் தெரியாதவன் குழுவுல எதுக்கு? இந்த வருஷம் நீ வர வேண்டாம்."

"சரி அத்தான்."

அக்டோபருக்காகவே மற்ற பதினொரு மாதங்களையும் பொறுத்துக்கொள்கிறவன் அவன். அப்படிப்பட்டவன் சரி என்றதும் எனக்கு உறுதியாகிவிட்டது. தப்பு செய்தவன்தானே இப்படித் தலையாட்டுவான்.

என் மனைவி சிர்க்கா தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடும் பேசவில்லை. ஒரு வாரமாக வெறும் உருளைக்கிழங்கை வேகவைத்து வைத்தாள், உப்பில்லாமல்.

பட்டறையில், துப்பாக்கி பழுது பார்க்கும் மார்கெட்டா என் துப்பாக்கியை ஒரு கையில் வாங்கி, மறு கையால் எதையோ அழுத்தி, குண்டு போடும் அறையை மூடித் திறக்கும் போல்ட்டைச் சட்டென்று பின்பக்கமாக உருவி மேஜையில் வைத்தாள். எதை அழுத்தினாள் என்று உற்றுத்தான் பார்த்தேன். தவறவிட்டுவிட்டேன்.

குண்டு பாயும் குழாயான பேரலுக்குள் ஒரு குட்டிக் கேமராவை விட்டுத் திரையைக் காட்டினாள்.

"உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வாய்ப் பக்கம் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு ஒருசாய்ச்சலாத் தேஞ்சிருக்கு. இதுல குண்டு நேராப் போகாது."

"கீழ போட்டிருப்பான்."

"போட்டா நசுங்கும். இது தேய்மானம்."

"கண்ட குண்டைப் போட்டுச் சுட்டு..."

"சுட்டுத் தேஞ்சா குண்டு கிளம்புற பக்கம்தான் தேயும். இது வாய் வழியா இரும்புக் கம்பியை விட்டுத் துடைச்சுத் துடைச்சு வந்தது. ரெண்டு வாரத்துல ஆகிற காரியமில்ல, இருபது வருஷம் வேணும். யாரு தலைவரே துடைக்கிறது?"

சிர்க்காவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாம."

"போல்ட்டைக் கழட்டிட்டுப் பின்பக்கமா விட்டா இந்தத் தொல்லையே இல்லையே?"

அதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. துப்பாக்கி வாங்கிய புதிதில் ஒருமுறை போல்ட்டைக் கழற்றினேன். திரும்ப உள்ளே போக மாட்டேன் என்றுவிட்டது. இரண்டு ஊர் தள்ளி, என்னைத் தெரியாத ஒரு கடையில் கொடுத்துப் போட்டு வாங்கினேன். அதற்கப்புறம் தொடவில்லை. பிறகு தலைவராகிவிட்டேன். தலைவர் போய் யாரிடம் கேட்பது? வருஷா வருஷம் துப்பாக்கிப் பராமரிப்பு பற்றி அரை மணி நேரம் பேசுவதும் நான்தான்.

"பேரலை மாத்தியே ஆகணும்" என்றாள்.

"வேட்டைக்கு மூணு வாரம்தான் இருக்கு. புதுசுக்குச் சொன்னா எப்ப வரும்?"

மார்கெட்டா அலமாரியிலிருந்து ஒரு நீளமான அட்டைக் குழாயை எடுத்தாள். அதன் மேல் என் பெயர் எழுதியிருந்தது.

"போன அக்டோபர்லயே ரைமோ சொல்லி வெச்சுட்டார். உங்க துப்பாக்கியை வாங்கின மறுநாளே குண்டு விலகுதுன்னு கொண்டாந்தார். வர எட்டு மாசம் ஆகும்னேன். வாங்கி வை, அத்தான் ஒருநாள் தானா வருவார்னார்."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேன். எப்படிக் கெட்டுதுன்னு சொன்னா அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டார்னார். போல்ட்டைப் போடறதையும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். நீங்க வாய்விட்டுக் கேட்கிற மாதிரி வெச்சுடாதேன்னார்."

வெட்கமாக இருந்தது. குடிசையில் அவன் சொன்ன அந்தச் 'சரி' நினைவுக்கு வந்தது.

நாலு நாளில் பழைய பேரலைக் கழற்றிப் புதியதைப் பொருத்திக் கொடுத்தாள். தேர்வில் நாலு குண்டும் வட்டத்துக்குள் விழுந்தன. நேராக ரைமோ வீட்டுக்குப் போய் அவனைக் குடிசைக்கு இழுத்து வந்தேன். எல்லோர் முன்னாலும் நின்று, கம்பி, ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டு ஊர் தள்ளிய கடை, ஒன்று விடாமல் சொன்னேன்.

"என்னை மன்னிச்சிடு ரைமோ. இந்த வருஷம் நீ வரணும். காட்டுல எனக்கு ஒதுக்கின இடத்துல நீ நில்லு."

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

குழுவிலேயே மூத்தவரான கலெர்வோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரைமோ, அந்த போல்ட்டைத் திரும்பப் போடறதை ஒரு தடவை காட்டேன். எனக்குத் தெரியும். சும்மா, பார்க்கலாமேன்னுதான்."

அவருக்குப் பின்னால் இருந்த மூன்று நாற்காலிகளும் மெல்ல முன்னால் நகர்ந்தன.

ரைமோவின் காது சிவந்துவிட்டது.

"எனக்கே போன வருஷம் மார்கெட்டாதான் சொல்லிக் கொடுத்தா" என்றான். "அதுவும், பட்டறையில யாரும் இல்லாத நேரமாப் பார்த்துப் போனேன்."