மிலூத் போட்ட குலவை

மிலூத் குலவை போட்டார்.

ஆண்பிள்ளைக் குலவை. அதுவும் பாதிப் பல் போன வாயால். சாஃபி துறைமுகத்தில் எந்த மீன் ஆலையிலும் இப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

மத்தி மீனுக்குத் தலை வெட்டிக்கொண்டிருந்த அறுபத்திரண்டு பெண்களும் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் மக ஹனீயாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சு! பலகாரம் வெளிய இருக்கு. வாங்க எல்லாரும், இப்பவே!"

கூடம் அதிர்ந்தது. ஹனீயாவுக்கு முப்பத்துநாலு வயது. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருட்டுப்பயல்கள் என்று விரட்டியடித்தவர் இதே மிலூத்தான். பின்கட்டில் ஐஸ் அறை மெஷினைப் பார்த்துக்கொள்கிற மனிதர். அந்த மெஷினைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார். சில நாள் அதையும்.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அறுபத்திரண்டு பேரும் வெளியே போக வேண்டும். மூன்று நிமிஷத்தில். ஒருத்தி பாக்கியில்லாமல்.

நேற்று அது நடக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி வந்து அபாய மணியை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அந்த மணியை யார் நம்புவார்கள்? அது மழைக்கு அடிக்கும், எலி ஒயரைக் கடித்தால் அடிக்கும். பதினோரு நிமிஷம் கழித்தும் பாதிப் பேர் மீனோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி வருவேன். மூணு நிமிஷம் தாண்டினா ஆலைக்குப் பூட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கத்திச் சொன்னாலும் ஆகாது. போன வருஷம் எவனோ தீ தீ என்று கத்த, எல்லாரும் ஒரே கதவில் போய் விழுந்து ஒருத்திக்கு இடுப்பெலும்பு போனது. கடைசியில் பார்த்தால் யாரோ அடுப்பில் ரொட்டியைக் கருகவிட்டிருந்தார்கள்.

ஆனால் கல்யாணம் என்றால் வேறு. கல்யாணத்துக்கு யாரும் யாரையும் மிதிக்கமாட்டார்கள்.

முதல் பதில் குலவை ரக்கியாவிடமிருந்து வந்தது. பிறகு எல்லா வாயும். தகரக் கூரை கிடுகிடுத்தது. ஒருத்தி காலி மீன் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு மேளமாகத் தட்டினாள். ரப்பர் பூட்ஸ் காலோடு, வெள்ளைத் தொப்பியோடு, தோளில் கை போட்டு இரண்டிரண்டு பேராக ஊர்வலம் கிளம்பிவிட்டது.

மிலூத் கதவில் நின்று எண்ணினார். பத்து. இருபது. முப்பத்தாறு.

ரக்கியா அவர் தாடையைப் பிடித்து ஆட்டினாள். "அய்யோ, சாச்சாவைப் பாருங்கடி! கண்ணு தக்காளி மாதிரி செவந்திருக்கு. பொண்ணை நெனைச்சு அழுறாரு!"

"அழுதா உனக்கென்ன? நட, நட."

அவள் மூக்கைச் சுருக்கினாள். "அது சரி, என்ன நாத்தம் இது? சந்தோஷத்துல அங்கியிலேயே போயிட்டீங்களா சாச்சா?"

சிரிப்பில் நான்கு பேர் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். மிலூத் அவர்களை முதுகில் தள்ளித் தள்ளி வெளியே அனுப்பினார்.

அறுபத்தொன்று.

அறுபத்திரண்டாவது ஆள் இஸ்ஸா. அவள் மட்டும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோல் நறுக் நறுக்கென்று போய்க்கொண்டிருந்தது.

"எழுந்திரு இஸ்ஸா."

"என் மவனைத் திருடன்னு சொன்ன வீட்டுப் பலகாரம் எனக்கு விஷம்."

சொன்னது நிஜம்தான். மூன்று வருஷம் முன்னால் அவள் மகன் பெண் கேட்டு வந்தான். ஹனீயாவுக்குப் பிடித்திருந்தது. மிலூத்துக்குத்தான் அவன் சிரிப்பில் நம்பிக்கை வரவில்லை. அன்றைக்கு ஹனீயா அழுத அழுகையை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மிலூத் பின்கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இஸ்ஸாவைப் பார்த்தார்.

"உன் மவன்தான்டி மாப்பிள்ளை."

கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. இஸ்ஸா போட்ட குலவையில் மற்ற அறுபத்தொரு குலவையும் அமுங்கிப்போனது. அவளுக்கு மூட்டுவலி. ஆனாலும் மிலூத்தைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

வாசலில் பலகாரம் இல்லை.

"இங்க இல்ல, கொஞ்சம் தள்ளி. கடல் பக்கம், காத்து வர்ற பக்கம்" என்று கையை வீசி வீசி நடத்தினார் மிலூத். அலைச்சுவர் வரைக்கும் ஊர்வலம் ஆடிக்கொண்டே போனது. இஸ்ஸாவை நடுவில் விட்டு எல்லாரும் வட்டம் கட்டினார்கள். புதுச் சம்பந்தி ஆடினால்தான் விடுவோம் என்றார்கள். அவளும் ஆடினாள்.

அப்போது பாதுகாப்பு அதிகாரியின் கார் வந்து நின்றது. இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னய்யா இது? பத்தாக இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நான் மணியே அடிக்கலை. எல்லாரையும் உள்ள போய் உட்காரச் சொல்லு."

"உள்ள யாரும் போகக்கூடாது" என்றார் மிலூத். "ஐஸ் அறையில அமோனியாக் குழாய் வெடிச்சிருச்சு. வால்வைத் திருகிப் பாத்தேன், அசையலை. தீயணைப்புக்குப் போன் போடுங்க."

குலவை ஒவ்வொரு வாயாக நின்றது.

கூடத்துச் சன்னல்களுக்குள்ளே வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. மேஜை மேஜையாகப் போர்த்திக்கொண்டு வந்தது. இஸ்ஸா உட்கார்ந்திருந்த மேஜை தெரியவில்லை.

ரக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

இஸ்ஸாதான் முதலில் வாய் திறந்தாள். ஆடிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அப்ப... என் மவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

மிலூத் கண்ணைத் துடைத்தார். அது நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது.

"ஹனீயாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உன் மவன்கிட்ட நீ சொல்லிரு."