இன்னொரு தவணை

"இஞ்சாருங்கோ, உங்கட காலை முறிச்ச மனிசன் கீழ நிண்டு ஹோர்ன் அடிக்குது!"

பல்கனியில் நின்று சரோஜினிதேவி கத்தியது வெள்ளவத்தை ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும்.

"வாறன் எண்டு சொல்லும்," என்றார் கணவர் நாகேந்திரம், கைத்தடியைத் தேடியபடி.

"நான் சொல்லமாட்டன். வழக்குப் போட்ட ஆளும் எதிராளியும் ஒரே காரில கோட்டுக்குப் போறதை எங்கயாவது கண்டிருக்கிறியளோ?"

"அவரும் அங்கதானே போறார்."

காலி வீதியை மஞ்சள் கோட்டுக் கடவையில் கடந்துகொண்டிருந்த நாகேந்திரத்தை மோதியது பதியுதீனின் கார்தான். பிழை என்னுடையதுதான் என்று பதியுதீன் பொலிஸிலேயே ஒப்புக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பனி ஒப்புக்கொள்ளவில்லை. நட்டஈட்டு வழக்குத் தொடங்கியது. தொடங்கியதுதான்.

ஒரு விசாரணைத் தவணைக்கு நீதிபதிக்கு இடமாற்றம். இன்னொன்றுக்கு மொழிபெயர்ப்பாளர் லீவு. பிறகு கொரோனா. அது முடிய, பெற்றோல் இல்லை. விபத்தைப் படம் கீறிய பொலிஸ்காரர் பென்ஷனில் போய்விட்டார். வீதியைத் திருத்தியவர்கள் மஞ்சள் கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். 'அந்த இடத்தில் கடவையே இல்லையே!' என்று இன்சூரன்ஸ் சட்டத்தரணி வாதாடினார்.

ஒருமுறை நீதிபதி, "எந்தக் கால்?" என்று கேட்டார்.

நாகேந்திரத்தின் சட்டத்தரணி வேலுசாமி ஃபைலைப் புரட்டிப் புரட்டித் தேட, எதிர்ப்பக்கத்திலிருந்து பதியுதீன் எழும்பினார்.

"வலது கால் சேர்! மழைக்கு இன்னும் கடுக்குது சேர்!"

அவருடைய சட்டத்தரணியே அவரைப் பிடித்து இருத்த வேண்டியதாகிவிட்டது.

சரோஜினிதேவிக்கு இதெல்லாம் நடிப்பு. "லிஃப்ட் குடுத்துக் குடுத்தே வழக்கை வாபஸ் வாங்க வைக்கப்போறார். அந்த லோயரும் ஃபீஸுக்காக இழுக்கிறார். இண்டைக்கு நானும் வாறன். ஆனா அந்தக் காரில இல்லை."

சொன்னபடி திரீவீல் பிடித்துப் பின்னாலேயே போனார். முன்னால் கார் ஊர்ந்தது. சைக்கிள்காரர்கள்கூட அதை முந்தினார்கள். "முந்தட்டா அம்மா?" என்று திரீவீல்காரர் சிங்களத்தில் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாம். அந்தக் காரை விடாமல் போங்கோ."

அவருக்கு என்ன விளங்கியதோ, அதன்பிறகு கண்ணாடியில் சரோஜினிதேவியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில் பதியுதீன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து, சரோஜினிதேவி சட்டத்தரணியைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் வேணுமெண்டுதானே இழுக்கிறியள்? இவர் காலுக்குள்ள இரும்புத் தகட்டோட திரியிறார். அதைக் கழட்டுற ஒப்பரேஷனுக்குத்தானே இந்தக் காசு?"

வேலுசாமி நாகேந்திரத்தைப் பார்த்தார். நாகேந்திரம் கூரையைப் பார்த்தார்.

"அக்கா, இன்சூரன்ஸ்காரங்க போன வருஷமே சமாதானத்துக்கு வந்துட்டாங்க. இன்னைக்கும் பேப்பரோட வந்திருக்காங்க. ஐயாதான் ஒவ்வொரு தடவையும், 'யோசிச்சுச் சொல்றேன், இன்னொரு தவணை எடுங்க'ன்னு சொல்றாரு."

விறாந்தையில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சத்தம் சரோஜினிதேவியிடமிருந்து வந்தது.

"உங்களுக்கென்ன விசரோ?"

"மெதுவாக் கதையும் சரோ."

"ஏன் மெதுவாக் கதைக்கோணும்? காசு வேண்டாமோ? கால் வேண்டாமோ?"

நாகேந்திரம் தேத்தண்ணிக் கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்குப் பிறகு அந்த மனிசன்ர காரில ஒருத்தரும் ஏறுறேல்லை. பேரப்பிள்ளைகளை அவர்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தினவர். மகள் அடுத்த கிழமையே வான் பிடிச்சிட்டா. மனிசி ஸமீமா கிளினிக்குக்குப் போறதும் திரீவீலிலதான். ஒருத்தரும் வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லையாம். ஏறேல்லை, அவ்வளவுதான். ஆள் கார்த் திறப்பை அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டு வீட்டிலயே இருக்கிறார். தவணை எண்டாத்தான் காரைக் கழுவி வெளிய எடுக்கிறார்."

"அதுக்கு?"

"வழக்கு முடிஞ்சா அந்தக் காரில ஏற ஆர் இருக்கினம்?"

சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு வேலுசாமியிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பேப்பரைத் தாங்கோ. இவர் இப்ப கையெழுத்து வைப்பார்."

"சரோ…"

"வையுங்கோ எண்டுறன்."

நாகேந்திரம் கையெழுத்தை வைத்து முடிக்க, மூன்று கடதாசிக் கோப்பைகளை நெஞ்சோடு அணைத்தபடி பதியுதீன் ஒவ்வொரு அடியாக வந்து சேர்ந்தார்.

"இந்தாங்க அக்கா, பிளேன்டி. சீனி போடல்ல. உங்களுக்கு சுகர் ஈக்குன்னு சேர் சொன்னாரு."

சரோஜினிதேவி கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"பதியுதீன் நானா, வழக்கு முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போகோணும். எங்களைக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

பதியுதீன் நாகேந்திரத்தைப் பார்த்தார். பிறகு சரோஜினிதேவியைப் பார்த்தார். கையிலிருந்த தேத்தண்ணி தளும்பிச் சட்டையில் ஊற்றியது.

"எந்தக் கார்ல அக்கா?"

"இவரை அடிச்ச காரிலதான்."