பன்னிரண்டாவது பறவை

தாளில் "பதினொன்று" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுப் பேனாவை மூடிவிட்டார் சயின்ஸ் டீச்சர்.

இன்னும் ஒன்றே ஒன்று. கூட ஒரு பறவையை எழுதியிருந்தால் அந்தப் பேனா தேய்ந்தா போயிருக்கும்?

விஷயம் இதுதான். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் ஏரியில் பறவை எண்ணும். பன்னிரண்டு வகை தேறினால் மன்றம் தொடரும். சனிக்கிழமை வேன், கழுத்தில் பைனாகுலர், எல்லாவற்றுக்கும் மேலே ஆராய்ச்சிக் கப்பலில் பத்து நாள் முகாம். முகாம் ஒரே ஒருவருக்குத்தான். ஒரு வகை குறைந்தாலும் மன்றத்துக்கு மங்களம் பாடிவிடுவார்கள்.

இந்த வருஷக் கப்பல் சீட் கண்ணாடிக்கு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட எங்கள் வகுப்புப் பெண். கீழே கிடக்கும் இறகைப் பார்த்தே பறவையின் பேரைச் சொல்லிவிடுவாள். பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தனியாக அனுப்பாத அவள் அப்பா, கப்பலுக்கு மட்டும் எப்படியோ தலையாட்டியிருந்தார்.

பன்னிரண்டாவது பறவை முக்குளிப்பான். தண்ணீரில் முங்கி முங்கி எழும் குட்டிப் பறவை. அது கூவினால் யாரோ அதற்குக் கிச்சுக்கிச்சு மூட்டின மாதிரி இருக்கும். லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டி ஏரி பாதியானதும் அது போயே போச்சு.

ஆனாலும் இரண்டு வருஷமாக எங்கள் தாளில் மட்டும் அது உயிரோடு இருந்தது. உபயம், ரேடியோ.

ரேடியோ என் பெஞ்சுக்காரன். ஹெட்மாஸ்டர் இருமலிலிருந்து குக்கர் விசில் வரைக்கும் எது வேண்டுமானாலும் அவன் தொண்டையிலிருந்து வரும். சத்தம் கேட்டாலே கணக்கில் சேர்க்கலாம் என்பது விதி. நாணலுக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கூவல் விட்டால் போதும், பழைய சார் பயபக்தியோடு குறித்துக்கொள்வார். அதைப் பார்த்துத் தாளைப் பூர்த்தி செய்வது கண்ணாடி. தெரிந்தும் அவள் வாயைத் திறந்ததில்லை.

இந்த வருஷம் புது டீச்சர். அவ்வளவுதான் வித்தியாசம்.

முழங்கால் சேற்றில் ரேடியோ, காவலுக்கு நான். கூவினான் பாருங்கள், நிஜ முக்குளிப்பானே வெட்கப்பட்டிருக்கும். தூரத்தில், கரையில், கண்ணாடி பக்கத்தில் நிற்க, டீச்சர் பேனாவைத் தூக்குவது தெரிந்தது. அப்புறம் என்ன ஆயிற்றோ, மூடிவிட்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வேன் நின்றது. பியூன் பைனாகுலர்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கப்பல் சீட் வேறு பள்ளிக்குப் போனது. அதற்கடுத்த திங்களிலிருந்து கண்ணாடி வகுப்புக்கே வரவில்லை. எப்படி வருவாள், வீட்டில் அழுதுகொண்டிருப்பாள் என்று பேசிக்கொண்டோம். அவள் உட்காரும் இடத்தில் யாரும் பை வைக்கவில்லை.

ரேடியோ சும்மா விடுவானா? டீச்சர் குரலிலேயே ஆரம்பித்தான். "சோடியத்தோட அணு எண் என்ன?" மொத்த வகுப்பும், "பதி... னொண்ணு." மணி என்ன? பதினொண்ணு. உங்க வீட்டில் எத்தனை பேர்? பதினொண்ணு. டீச்சர் போர்டு பக்கம் திரும்பினாலே பின்பெஞ்சிலிருந்து ஒரு பதினொண்ணு கிளம்பும். அவர் கேட்காதது மாதிரியே எழுதிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ரேடியோ மேஜைமேல் ஏறி நின்று பேனா மூடிக் காட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் வாசலில் நின்றிருந்தார். திட்டவில்லை. எங்கள் இருவரையும் ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொன்னார். செத்தோம் என்று நினைத்துக்கொண்டே போனோம்.

மேஜையில் ஒரு தாளை எடுத்து வைத்தார். நாலாக மடித்து, கிரீஸ் கறை படிந்த ஜெராக்ஸ்.

"மூணாவது பத்தியை வாசி. உன் குரல்லயே வாசி."

ரேடியோ வாசித்தான். ஏரியில் இடிபாடு கொட்டுவதற்கான அனுமதியை நீட்டித்த உத்தரவு அது. பள்ளி மாணவர்கள் எடுத்த கணக்கின்படி இரண்டு வருஷமாகப் பன்னிரண்டு வகைப் பறவைகள் குறையாமல் இருக்கின்றன, ஆகவே கொட்டுவதால் பாதிப்பு இல்லை என்று எழுதியிருந்தது. பின்னாலேயே எங்கள் தாள்கள். கண்ணாடியின் குண்டு குண்டான கையெழுத்தில், கடைசி வரி, முக்குளிப்பான்.

ரேடியோ தாளைக் கீழே வைத்தான்.

"நாங்க மன்றம் போயிடக் கூடாதுன்னுதான் டீச்சர்..."

"தெரியும். இந்த வருஷமும் பன்னிரண்டுன்னு போயிருந்தா மிச்ச ஏரியையும் மூடியிருப்பாங்க. இப்ப அனுமதியை நிறுத்தி வெச்சிருக்காங்க."

ரேடியோ தலையைத் தூக்காமலே கேட்டான். "கூவினது நான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? எனக்குக் காக்கா, கொக்கு, அதை விட்டா ஒண்ணும் தெரியாது. சந்தோஷமா எழுதத்தான் போனேன்."

"பின்னே?"

டீச்சர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"உங்க கண்ணாடி நேத்து டிசி வாங்கிட்டுப் போயிட்டா. கொட்டுற வேலை நின்னதும் அவ அப்பா லாரிக்கு லோடு இல்லை. பிழைப்புக்கு வேற ஊர் போறாங்க. இங்க படிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டா."

"எதை டீச்சர்?"

"அப்பா லாரியிலேருந்து இந்தத் தாளை எடுத்துட்டு வந்து, 'எழுதாதீங்க டீச்சர், அது பறவை இல்லை'ன்னு என் கையைப் பிடிச்சது அவதான்னு."